மருந்துக்குத் தப்பும் உயிரணுக்கள்: பழ ஈக்களிடம் தேடும் விடை

"ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்று சொன்னீர்களே, டாக்டர். பிறகு எப்படித் திரும்ப வந்தது?"

புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் இக்கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்பவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை. உடன் வந்த மனைவியாகவோ, மகனாகவோ, தங்கையாகவோ இருப்பார். அக்கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதையும் நாங்கள் உணர்ந்திருக்கிறோம். 'நாங்கள் ஏதேனும் தவறு செய்துவிட்டோமா? உணவில் குறை வைத்துவிட்டோமா? சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா?' என்பதே அது.

அந்த இரண்டாம் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லை, அது உங்கள் தவறன்று. முதல் கேள்விக்கான விடை சற்று நீளமானது. அதை விளங்கிக்கொள்ள, நம் வீட்டில் பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு ஈயிடம் செல்ல வேண்டும். மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் பழ ஈ, சிகிச்சைக்குத் தப்பிப் பிழைக்கும் உயிரணுக்களைப் பற்றியும் அவற்றை வீழ்த்தும் மருந்துகளைப் பற்றியும் மருத்துவ உலகுக்குப் பல செய்திகளைச் சொல்லியுள்ளது. அவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

உதிர்ந்த முடி மீண்டும் வளர்வது எப்படி?

கீமோதெரபி பெற்றவர்கள் அனைவரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். பல கீமோதெரபி மருந்துகள் முடியை உதிரச் செய்கின்றன. வாயில் புண் உண்டாகிறது. இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. இம்மருந்துகள் விரைவாகப் பிளந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே இதற்குக் காரணம். புற்றுநோய்க் கட்டியின் உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன. முடியின் வேரிலும், வாயின் உட்பரப்பிலும், எலும்பு மச்சையிலும் உள்ள நல்ல உயிரணுக்களும் அவ்வாறே விரைந்து பெருகுபவை. மருந்தால் இவ்விரண்டையும் முழுமையாகப் பிரித்தறிய முடிவதில்லை.

ஆனால் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி மீண்டும் வளர்கிறது. வாய்ப்புண் ஆறுகிறது. இரத்த அணுக்கள் பழைய அளவை எட்டுகின்றன. உயிரணுக்கள் அழிந்துவிட்டன என்றால், புதியவை எங்கிருந்து வந்தன?

இங்குதான் குருத்தணுக்கள் வருகின்றன. நாளிதழ்களில் 'ஸ்டெம் செல்' என்று நீங்கள் படித்திருப்பது இவற்றைத்தான். வாழையை அடியோடு வெட்டினாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை புதிய கன்று முளைக்கும். அதுபோல, உடலின் பல உறுப்புகளில் சிறு எண்ணிக்கையில் குருத்தணுக்கள் உள்ளன. தேய்ந்தும் அழிந்தும் போகும் உயிரணுக்களுக்கு ஈடாக இவை புதியவற்றை உருவாக்கித் தருகின்றன. நமது குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாவது இவற்றால்தான். முடிவேரின் அருகே உள்ள குருத்தணுக்கள் பெரும்பாலான காலம் உறங்குவதுபோல் இருக்கின்றன. அவை விரைந்து பெருகாததால் மருந்தின் தாக்குதலுக்குத் தப்புகின்றன. பின்னர் விழித்தெழுந்து முடியை வளர்க்கின்றன.

இது நமக்குக் கிடைத்த நற்பேறு. ஆனால் இதே ஏற்பாடு நோய்க்கும் துணைபோகக்கூடும் என்பதுதான் வருத்தத்துக்குரிய செய்தி.

கட்டிக்குள் ஒரு கிழங்கு

ஒரு புற்றுநோய்க் கட்டியில் உள்ள கோடிக்கணக்கான உயிரணுக்களும் ஒரே மாதிரியானவை அல்ல. கனடாவின் டொராண்டோ நகரில் ஜான் டிக் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990களில் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, மிகச் சிறு பகுதியான உயிரணுக்கள் மட்டுமே அந்நோயைப் புதிதாகத் தோற்றுவிக்கும் ஆற்றல் பெற்றிருப்பதைக் கண்டனர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று மார்பகப் புற்றுநோயிலும் அத்தகைய உயிரணுக்கள் இருப்பதை அறிவித்தது. இவை 'புற்றுநோய்க் குருத்தணுக்கள்' எனப் பெயர் பெற்றன. எல்லா வகைப் புற்றுநோய்களிலும் இவை ஒரே அளவில் இருப்பதில்லை. ஆயினும் நோய் மீள்வதற்கு இவை முக்கியமான காரணங்களுள் ஒன்று எனக் கருதப்படுகிறது.

இவை சிகிச்சைக்குத் தப்புவதற்குப் பல வழிகள் உள்ளன. சில மெதுவாகவே பிளவுறுகின்றன. சில, உள்ளே நுழைந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் புரதங்களை மிகுதியாக வைத்துள்ளன. சில, கதிர்வீச்சால் முறிந்த மரபிழைகளை விரைவாகச் சீர்செய்துகொள்கின்றன. இன்னும் சில, தம்மைச் சூழ்ந்துள்ள உயிரணுக்களின் பாதுகாப்பில் வாழ்கின்றன.

ஸ்கேன் கருவியால் ஓரளவுக்கு மேற்பட்ட பருமனுள்ள கட்டியையே காட்ட முடியும். ஆங்காங்கே எஞ்சியிருக்கும் சில நூறு உயிரணுக்கள் எந்தப் படத்திலும் தெரியா. 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்று நாங்கள் சொல்வதன் பொருள், 'கண்டறியக்கூடிய அளவில் நோய் இல்லை' என்பதே. இதை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே மருத்துவ ஆய்வின் முன் நிற்கும் சிக்கல் இதுதான். கட்டியின் குருத்தணுக்களை அழிக்கும் மருந்து வேண்டும். ஆனால் அம்மருந்து முடியையும், குடலையும், இரத்தத்தையும் புதுப்பிக்கும் நல்ல குருத்தணுக்களை விட்டுவைக்க வேண்டும். ஒன்றையொன்று ஒத்திருக்கும் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் தாக்கும் மருந்தை எங்கே தேடுவது?

ஏன் ஓர் ஈ?

புதிய மருந்துகளைத் தேடும் பணி பெரும்பாலும் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கப்படும் உயிரணுக்களில் தொடங்குகிறது. அது விரைவான முறை. ஆனால் குருத்தணு என்பது தனித்து வாழும் உயிரணு அன்று. அண்டையில் உள்ள உயிரணுக்கள் அனுப்பும் சைகைகளே அதை உறங்கவும் விழிக்கவும் செய்கின்றன. தட்டில் அந்த அண்டை வீட்டார் இல்லை. எலிகளின் உடலில் அவை உள்ளன. ஆயினும் ஆயிரக்கணக்கான மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பொருட்செலவும் ஆகும். உயிர்களுக்கு விளையும் துன்பமும் மிகுதி.

பழ ஈ இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தருகிறது. பஞ்சால் அடைக்கப்பட்ட சிறிய குப்பியில், சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்த கூழில் இவை வளர்கின்றன. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாக வளரச் சுமார் பத்து நாட்களே ஆகின்றன. மருந்தைக் கூழில் கலந்துவிட்டால் போதும். ஈ அதை உண்டுவிடும். இதற்கெல்லாம் மேலாக, மனிதரில் நோயை உண்டாக்கும் மரபணுக்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு ஈயின் உடலிலும் ஒத்த மரபணு உள்ளது. உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறும் அடிப்படை வழிகள் ஈக்கும் நமக்கும் பெரிதும் பொதுவானவை.

இந்த உறவு இன்று நேற்று அறியப்பட்டதன்று. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910இல் வெள்ளைக் கண்ணுடன் பிறந்த ஓர் ஈயைக் கண்டார். அதைத் தொடர்ந்து, மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்பதை நிறுவினார். அதற்காக 1933இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவரான ஹெர்மன் முல்லர், எக்ஸ் கதிர்கள் மரபணுக்களை மாற்றுகின்றன என்பதை 1927இல் பழ ஈக்களைக் கொண்டே காட்டினார். கதிர்வீச்சுப் பிரிவில் பணியாளர்கள் ஈயக் கவசம் அணிவதையும், உங்களை மட்டும் உள்ளே விட்டு நாங்கள் அறைக்கு வெளியே நிற்பதையும் கண்டிருப்பீர்கள். அந்த எச்சரிக்கை உணர்வுக்கு வித்திட்ட ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

1980இல் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஒரு மரபணு பழுதுற்றால் ஈயின் கருவுடல் முட்கள் நிறைந்ததாக மாறுவதைக் கண்டனர். அதற்கு 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி, என்று பெயரிட்டனர். அம்மரபணு வழி அனுப்பப்படும் சைகை நமது உடலிலும் உண்டு என்பதும், அது கட்டுமீறினால் ஒருவகைத் தோல் புற்றுநோய் தோன்றும் என்பதும் பின்னர் தெரியவந்தன. அச்சைகையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்து 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஈயின் கருவில் கண்ட முள்ளிலிருந்து நோயாளியின் கைக்கு வரும் மாத்திரை வரை முப்பத்திரண்டு ஆண்டுகள். இந்தக் கால அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இறக்கும் உயிரணு தரும் எச்சரிக்கை

சிகிச்சைக்குத் தப்புவது எப்படி என்பதை ஈக்கள் எவ்வாறு காட்டின?

பழ ஈயின் புழு, மனிதர் தாங்க முடியாத அளவு கதிர்வீச்சைத் தாங்கவல்லது. பின்னாளில் இறக்கையாக மாறவிருக்கும் சிறு திசுத்தட்டு ஒன்று அப்புழுவின் உடலுக்குள் உள்ளது. கதிர்வீச்சால் அத்தட்டின் உயிரணுக்களில் பாதியளவு அழிந்தாலும், எஞ்சியவை பெருகி, குறையற்ற இறக்கையை உருவாக்கிவிடுகின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தில் டின் டின் சூ அவர்களின் ஆய்வுக்கூடம் இதை உற்று நோக்கியது. அத்தட்டில் ஒரு குறிப்பிட்ட பகுதியின் உயிரணுக்கள் மட்டும் கதிர்வீச்சுக்கு இறவாமல் நிற்பதையும், பின்னர் அழிந்த இடத்துக்கு நகர்ந்து சென்று அதை நிரப்புவதையும் அவர்கள் 2016இல் அறிவித்தனர். அவற்றைக் காத்த இரண்டு சைகை வழிகளும் மனித உடலிலும் உள்ளவையே.

அதற்கு முந்தைய ஆண்டில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்னலே ருவோஹோலா-பேக்கர் அவர்களின் குழுவும் சூ அவர்களும் இணைந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. ஈயின் சூலகத்தில் உள்ள குருத்தணுக்களின் அருகே அவற்றின் மகவணுக்கள் இருக்கின்றன. கதிர்வீச்சு பட்டதும் மகவணுக்கள் இறக்கின்றன. ஆனால் இறக்கும்போதே ஒரு புரதத்தை வெளியிடுகின்றன. அதைப் பெற்ற குருத்தணு தன்னைக் காக்கும் ஏற்பாடுகளைச் செய்துகொண்டு, இறவாமல் ஒடுங்கி இருக்கிறது. தாய்க்கு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் பிள்ளைகள் மடிவதைப் போன்றது இது. உடல் தன் வித்தைக் காத்துக்கொள்ள அமைத்த வழி இது. இதையே ஒரு கட்டியும் பயன்படுத்திக்கொண்டால், நாம் அழிக்கும் உயிரணுக்களே தப்பிப்பவற்றுக்குத் துணைநிற்கும். தனித்தனி உயிரணுக்களை மட்டும் தட்டில் வைத்துப் பார்த்திருந்தால் இந்த உறவு கண்ணில் பட்டிருக்காது.

ஈயின் குடலிலும் குருத்தணுக்கள் உள்ளன என்பதை 2006இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே காலத்தில் கண்டறிந்தன. ஹார்வர்டில் நார்பர்ட் பெரிமோன் அவர்களின் கூடத்தில் மிஷெல் மார்க்ஸ்டைன் தலைமையில் நடந்த ஆய்வு, ஈக்களின் குடற் குருத்தணுக்களில் கட்டியைத் தோற்றுவித்து, மனிதருக்குக் கொடுக்கப்படும் 88 புற்றுநோய் மருந்துகளை அவற்றுக்கு ஊட்டியது. 14 மருந்துகள் கட்டியைக் குறைத்தன. அவற்றுள் சில எதிர்பாராத வேறொன்றையும் செய்தன. கட்டியைக் குறைத்த அதே மருந்து, அருகிலிருந்த இயல்பான குருத்தணுக்களை அளவுக்கு மீறிப் பெருகத் தூண்டியது. மருந்து உண்டாக்கிய சேதத்தால் எழுந்த அழற்சியின் சைகையே அதற்குக் காரணமாக இருந்தது. 2014இல் வெளிவந்த இந்த ஆய்வு, சிகிச்சையோடு அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் சேர்த்தால் நோய் மீள்வது குறையக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் அழற்சி மாத்திரையோ வலி மாத்திரையோ வாங்கி உட்கொள்ள வேண்டாம். ஈக்களில் கண்டதிலிருந்து எழுந்த கருத்து அது. உங்களுக்கான மருந்துச்சீட்டு அன்று. கீமோதெரபியின்போது அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும்.

ஒரு செடியிலிருந்து ஒரு மருந்து

தப்பும் உயிரணுக்களைக் கண்டதோடு ஆய்வு நிற்கவில்லை. அவற்றைத் தப்பவிடாத மருந்தையும் ஈக்களிடமே தேடினர்.

சூ அவர்களின் ஆய்வுக்கூடத்தின் முறை எளிமையானது. ஈயின் புழுக்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, வெவ்வேறு வேதிப்பொருட்கள் கலந்த உணவில் விட்டனர். மீண்டு வந்து முழு ஈயாகப் பறந்தவை எத்தனை என்று எண்ணினர். கதிர்வீச்சுக்குப் பின் திசு மீள்வதை எந்தப் பொருள் தடுக்கிறதோ, அதைத் தனியே எடுத்துவைத்தனர். அவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்று பூவார்டின். மெக்சிகோவில் வளரும், சிவந்த பூக்களையுடைய பூவார்டியா என்னும் செடியில் உள்ள பொருள் அது. உயிரணு தனக்கு வேண்டிய புரதங்களை உற்பத்தி செய்வதை அது தடுக்கிறது. கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தால் அதன் விளைவைக் கூட்டுகிறது என்பதை 2012இல் வெளியிட்டனர்.

பூவார்டினைச் சற்று மாற்றிச் செயற்கையாக உருவாக்கிய பொருளுக்கு எஸ்.வி.சி.112 என்று பெயர். அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் அதைத் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் உயிரணுக்களில் சோதித்தனர். வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் இவ்வகையின. புகையிலைப் பழக்கத்தால் நம் நாட்டில் இவை எவ்வளவு மிகுதி என்பதை எங்கள் வெளிநோயாளர் பிரிவின் வரிசையில் அமர்ந்த எவரும் அறிவர்.

2020இல் வெளியான அந்த ஆய்வில், இப்பொருள் புற்றுநோய்க் குருத்தணுக்களின் பெருக்கத்தைக் குறைத்தது. குருத்தணுவாக நீடிக்க அவற்றுக்குத் தேவையான மிக், சாக்ஸ்2 முதலிய புரதங்களின் அளவு வீழ்ந்தது. அதே நோயாளிகளிடமிருந்து எடுத்த, கட்டியைச் சூழ்ந்திருந்த துணை உயிரணுக்களை அது அந்த அளவுக்குத் தாக்கவில்லை. நோயாளிகளின் கட்டித் துணுக்குகளை ஏந்திய எலிகளில், கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்தபோதும் பயன் தெரிந்தது.

ஈயின் புழுவில் தொடங்கிய தேடல் நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த உயிரணு வரை வந்துள்ளது என்பது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் நாம் இங்கு கூறியவை உயிரணுக்களிலும் எலிகளிலும் கண்ட விளைவுகள். இது மருந்துக்கடையில் கிடைக்கும் மருந்தன்று.

நோயாளிக்காக வளர்க்கப்பட்ட ஈ

ஈக்களின் உதவியால் நோயாளிகள் பயனடைந்த நிகழ்வுகளும் உண்டு. கேடயச் சுரப்பி எனப்படும் தைராய்டில் வரும் அரிய வகைப் புற்றுநோய் ஒன்றுக்கு ரெட் என்னும் மரபணுவின் பழுது காரணமாகிறது. ராஸ் கேகன் என்னும் அறிவியலாளர் அப்பழுதை ஈயின் கண்ணில் ஏற்படுத்தினார். கண் கரடுமுரடாக மாறியது. வான்டெடானிப் என்னும் மருந்தை ஊட்டியபோது கண் பெருமளவு சீரடைந்தது. 2005இல் அவர் குழு இதை வெளியிட்டது. மனிதர்களில் நடந்த ஆய்வுகளுக்குப் பின், 2011இல் அந்நோய்க்கு அம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பின்னர் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் கேகனும் உடன் பணியாற்றியோரும் ஒருபடி மேலே சென்றனர். பரவிய பெருங்குடல் புற்றுநோயால் வருந்திய ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் பயன் தராமற்போயின. அவருடைய கட்டியில் இருந்த மரபணு மாற்றங்களை ஆராய்ந்து, ஒன்பது மரபணுக்களில் அதையொத்த மாற்றம் கொண்ட ஈக்களை வளர்த்தனர். ஏற்கெனவே வழக்கில் உள்ள மருந்துகளை அந்த ஈக்களுக்கு ஊட்டிப் பார்த்ததில், இரண்டு மருந்துகளின் சேர்க்கை பயன் தந்தது. ஒன்று தோல் புற்றுநோய்க்குத் தரப்படும் ட்ராமெடினிப். மற்றொன்று எலும்பு வலுவுக்காக நம்மிடம் பலர் ஊசியாகப் பெற்றுக்கொள்ளும் சோலெட்ரோனேட். அந்த நோயாளிக்கு இச்சேர்க்கை அளிக்கப்பட்டது. அளவிடப்பட்ட கட்டிகள் 45 விழுக்காடு சுருங்கின. நோய் பதினொரு மாதங்கள் கட்டுக்குள் இருந்தது. அதன்பின் மருந்துக்கு அடங்காத புதிய கட்டிகள் தோன்றின. 2019இல் வெளிவந்த அவ்வறிக்கை இந்த இரண்டு செய்திகளையும் மறைக்காமல் பதிவு செய்தது.

பதினொரு மாதங்கள் என்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதே வேளையில், தப்பிய உயிரணுக்கள் அங்கும் இருந்தன என்பதையும் நாம் கண்டுகொள்ள வேண்டும்.

ஈயின் எல்லைகள்

ஈ மனிதரன்று. அதற்கு மார்பகம் இல்லை. நம்மைப் போன்ற நுரையீரலும் இல்லை. நோய் எதிர்ப்பில் பங்காற்றும் டி-அணுக்கள் அதற்குக் கிடையா. மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் முறையும் நம்முடையதினின்று வேறுபட்டது. ஈயில் வெற்றி பெற்ற பொருள் எலியில் தோற்கலாம்; எலியில் வென்றது மனிதரில் பயனற்றுப் போகலாம். தீங்கும் விளைவிக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு படியிலும் ஆய்வு தேவைப்படுகிறது. முள்ளெலி மரபணுவின் முப்பத்திரண்டு ஆண்டுகளை நினைவில் வைக்கச் சொன்னதும் இதற்காகவே. 'ஆய்வில் புதிய கண்டுபிடிப்பு' என்ற செய்திக்கும் உங்கள் கையில் வரும் மருந்துக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

இன்று நம்மால் செய்யக்கூடியவை

நீங்கள் சிகிச்சையில் இருப்பவராயின், இவ்வளவும் உங்களுக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். கட்டி சுருங்கியதும், விழுங்குவது எளிதானதும், 'இனிப் போதும்' என்று தோன்றுவது இயல்பே. ஆனால் கடைசிச் சுற்றுகள், எஞ்சியிருக்கும் உயிரணுக்களுக்காகவே அளிக்கப்படுகின்றன. குறிப்பாகத் தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுவோர் நாட்களைத் தவறவிடக் கூடாது. தப்பிய உயிரணுக்கள் அந்த இடைவெளியில் விரைந்து பெருகும். திருவிழா, திருமணம், பயணச் செலவு என எந்தக் காரணத்தால் வர இயலாவிட்டாலும் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். மாற்று ஏற்பாடு செய்ய முயல்வோம்.

இரண்டாவது, புகையிலையை விட்டுவிடுங்கள். சிகிச்சையின்போது புகைப்பது கதிர்வீச்சின் பயனைக் குறைக்கிறது. தனியே விட முடியவில்லை என்றால் கேளுங்கள். உதவுவது எங்கள் பணியின் ஒரு பகுதி.

மூன்றாவது, தொடர் பரிசோதனைக்கு வாருங்கள். உடல் நன்றாக இருக்கும்போது மருத்துவமனை வாசலை மிதிக்க யாருக்கும் விருப்பம் இராது. ஆயினும் உறங்கும் உயிரணு எப்போது விழிக்கும் என்று முன்கூட்டிக் கணிக்க இயலாது. விழித்ததைத் தொடக்கத்திலேயே கண்டால், செய்வதற்கு நிறைய இருக்கும்.

நான்காவது, 'ஸ்டெம் செல் சிகிச்சையால் புற்றுநோய் குணமாகும்' என்னும் விளம்பரங்களைக் கண்டு ஏமாறாதீர்கள். இரத்தப் புற்றுநோய் முதலிய சில நோய்களுக்கு இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை நிலைபெற்ற மருத்துவம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள், அத்தகைய ஒப்புதல் பெற்ற பயன்பாடுகளைத் தவிர மற்றவற்றை முறையான ஆய்வுக்கு உட்பட்டே செய்ய வேண்டும் என்கின்றன. நிலத்தையோ நகையையோ விற்பதற்கு முன் ஒருமுறை எங்களிடம் வந்து கேளுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.

ஐந்தாவது, புதிய மருந்துகளின் மருத்துவ ஆய்வில் பங்கேற்க விரும்பினால் உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். இந்தியாவில் நடைபெறும் இவ்வாய்வுகள் அரசின் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. உங்கள் எழுத்துபூர்வ இசைவின்றி எவரும் உங்களைச் சேர்க்க முடியாது. சேர்ந்த பின்னும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் உங்கள் வழக்கமான சிகிச்சைக்குத் தடை ஏதும் வராது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். நோய் ஏன் மீண்டது? நீங்கள் கொடுத்த கஞ்சியில் குறையிருந்ததால் அன்று. இரவு விழித்துப் பார்த்துக்கொள்ளாததாலும் அன்று. உதிர்ந்த முடியை மீண்டும் வளர்த்துத் தரும் அதே பிடிவாதம் சில கெட்ட உயிரணுக்களிடமும் இருப்பதால். அப்பிடிவாதத்தை அடக்கும் வழியைத் தேடி, உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இன்றும் பலர் சிறு குப்பிகளில் ஈக்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, உங்கள் மனத்தில் உள்ள கேள்வியைத் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அது எத்தகைய கேள்வியாயினும் கேளுங்கள். விடை சொல்ல நாங்கள் காத்திருக்கிறோம்.